கழிக்க முடியாத பளு

ஒரு பொருளிலிருந்தோ ஒரு வாழ்க்கையிலிருந்தோ தேவையற்றவை அனைத்தும் நீக்கப்பட்ட பின்பு எவை எஞ்சியிருக்கலாம், எஞ்சியவற்றை எந்த நியாயத்தால் வைத்துக்கொள்ளலாம் என்னும் வினா, துறவைப் பற்றிச் சிந்தித்த இந்தியச் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவானது. அதே வினா, எடை குறைப்பையே முதல் இலக்காகக் கொண்ட டிரையல்ஸ் மோட்டார் சைக்கிளின் மேல் விளக்கையும் ஹாரனையும் ஒயரிங்கையும் அவற்றைத் தாங்கும் பிராக்கெட்டுகளையும் பொருத்த முனையும் மெக்கானிக்கின் முன்பும் எழுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைப்பது பொருந்தாத செயலாகத் தோன்றக்கூடும். ஆயினும் விழுப்புரம் மாவட்டத்தில், குறிப்பாகத் திண்டிவனத்திலிருந்து செஞ்சி வரை விரியும் பாறைக்குன்றுகளின் நிலத்தில், உடைமையைத் துறப்பது பற்றி மிகக் கடுமையாகவும் மிக நுட்பமாகவும் எண்ணிய சமண மரபு ஏறத்தாழ 1,700 ஆண்டுகளாகத் தொடர்ந்து வாழ்ந்துவருவதால், எடையைப் பற்றிய கேள்வியை அந்த மரபிடமே கேட்பது முறையானது.

டிரையல்ஸ் என்பது வேகப் பந்தயம் அன்று. பெரும்பாறை, ஓடைப்படுகை, வேர் படர்ந்த சரிவு, சேறு ஆகியவற்றின் மேல் எல்லை குறிக்கப்பட்ட குறுகிய தடங்களைக் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்கும் சமநிலைப் போட்டி அது; காலை ஒருமுறை ஊன்றினால் ஒரு புள்ளி தண்டமாக விழும், தடத்தை முடிக்கத் தவறினால் ஐந்து புள்ளிகள் விழும், மிகக் குறைந்த புள்ளி பெற்றவரே வென்றவராவார். ஸ்காட்லாந்தில் 1909இல் வேர்கொண்ட ஆறு நாள் போட்டி இன்றும் நடைபெறுகிறது. உலகச் சாம்பியன்ஷிப் 1975இல் தொடங்கியது. இப்போட்டிக்கென்றே செய்யப்படும் இன்றைய வண்டிகள் 65 முதல் 75 கிலோ எடை மட்டுமே உள்ளவை. அவற்றில் உட்காரத்தக்க இருக்கை இல்லை, பெட்ரோல் டேங்க் சில லிட்டருக்கு மேல் கொள்ளாது, பின் டயரின் காற்றழுத்தம் நான்கைந்து பி.எஸ்.ஐ. அளவிலேயே வைக்கப்படுகிறது. ஓட்டுபவர் எழுந்து நின்று தம் உடலின் பளுவை இடம் மாற்றி மாற்றி வண்டியைப் பாறைமேல் ஏற்ற வேண்டியிருப்பதால், வண்டியில் கூடும் ஒவ்வொரு நூறு கிராமும் அவருடைய கையிலும் முதுகிலும் உணரப்படும்.

இந்த விளையாட்டோடு தமிழ்நாட்டுக்கு உள்ள உறவு ஒரு முரணை உள்ளடக்கியது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1948இல் இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த பன்னாட்டு ஆறு நாள் போட்டிக்கு அனுப்பிய முன்மாதிரி வண்டிகளே பிற்காலப் புல்லட்டின் மூலம். அந்தப் புல்லட்டில் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்லாந்துப் போட்டியை வென்றார். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு ஏற்பட்ட கூட்டின் வழியாகப் புல்லட் திருவொற்றியூருக்கு வந்தது, தாய்நாட்டில் உற்பத்தி நின்ற பின்பும் இங்கே நிலைத்தது. ஜானி பிரிட்டனின் வெற்றிகளைப் போற்றி 2019 மார்ச்சில் வெளியான ‘புல்லட் டிரையல்ஸ்’ வண்டியோ 190 கிலோவை ஒட்டிய எடை உடையது. பெயரளவில் டிரையல்ஸ் ஆயினும் இன்றைய போட்டி வண்டி இரண்டின் எடையை விஞ்சியது. மறுபுறம், டிரையல்ஸ் வண்டிகளால் பெயர் பெற்ற பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோ, ஓசூரின் டி.வி.எஸ். நிறுவனத்தோடு சேர்ந்து 2015 முதல் டக்கார் பாலைவனப் போட்டியில் இறங்கியது. எனவே, கனமான வண்டியை எவ்வளவு இளைக்கச் செய்யலாம் என்ற ஆசை தமிழ்நாட்டு மெக்கானிக்குகளுக்கு அயலானதன்று.

ஆசைக்கு எல்லை வகுப்பது சாலை. செஞ்சிப் பக்கத்துப் பாறைகள் டிரையல்ஸ் பயிற்சிக்கென்றே அடுக்கப்பட்டவை போலத் தோன்றினாலும், கோட்டை அமைந்த குன்றுகள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டவை. அங்கே எந்த வண்டியையும் ஏற்ற நினைப்பதே தவறு. தனியார் நிலத்துப் பாறையை அடைவதற்கோ திண்டிவனத்தின் டி.என். 16, விழுப்புரத்தின் டி.என். 32 என்ற பதிவெண்களைத் தாங்கி நெடுஞ்சாலையில் செல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டுவதை 39ஆம் பிரிவில் தடுக்கிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை உருமாற்றுவதை 52ஆம் பிரிவில் தடுக்கிறது, இத்தடையை உச்ச நீதிமன்றம் 2019இல் உறுதி செய்தது. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இரவில் 155 மீட்டர் தொலைவு வரை சாலையில் இருப்போரைக் காட்டும் விளக்கைக் கேட்கின்றன. 2017 ஏப்ரல் முதல் விற்பனையாகும் புதிய இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது முகப்பு விளக்கு பகலிலும் தானே எரிய வேண்டும். ஆகவே எதை இளைக்கச் செய்தாலும் விளக்கு, பிரேக் விளக்கு, ஹாரன், நம்பர் பலகை ஆகியவை இருந்தே ஆக வேண்டும். செய்யக்கூடியது, தரச்சான்று பெற்ற இலேசான உறுப்புகளைத் தேர்ந்தெடுத்து, ஆர்.சி. புத்தகத்தின் விவரங்களுக்கு மாறுபடாமல் பொருத்துவது மட்டுமே. சட்டத்தின் பார்வையில் விவாதம் இத்தோடு முடிந்துவிடுகிறது. அறத்தின் பார்வையில் இங்கேதான் தொடங்குகிறது, ஏனெனில் சட்டம் ‘எது’ என்று சொல்கிறதே தவிர ‘ஏன் இவை மட்டும்’ என்று சொல்வதில்லை.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் செல்லும் வழியில் உள்ள திருநாதர்குன்றில், ஒரு பாறை முகத்தில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசைகளாகச் செதுக்கப்பட்டுள்ளனர். அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டு, சந்திரநந்தி என்னும் ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உடல் நீத்ததைப் பதிவு செய்கிறது. மற்றொரு கல்வெட்டு இளையபடாரர் 30 நாள் நோற்றதைக் கூறுகிறது. முன்னது பொதுவாக ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. அதற்கும் முந்திய தமிழிக் கல்வெட்டோடு கூடிய கற்படுக்கைகள் தொண்டூரில் இருக்கின்றன. திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமான ஜினகாஞ்சி மடம் இயங்குகிறது, வீடூர், பெருமண்டூர் போன்ற ஊர்களில் பயிர்த்தொழில் செய்யும், நயினார் எனப்படும் சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன. திண்டிவனத்துக்கு வடக்கே வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில், திகம்பர மரபின் பேராசிரியரான குந்தகுந்தர் தவம் செய்ததாக நம்பப்படும் இடத்தில் அவருடைய திருவடிகள் வணங்கப்படுகின்றன. அவரே ஏலாசாரியர் என்றும் திருக்குறளை ஆக்கியவர் என்றும் கருதுவது தமிழ்ச் சமணரின் நெடுநாளைய மரபு, அதன் வரலாற்று வலிமை இங்கே பொருட்டன்று.

இம்மரபு உடைமையைப் ‘பரிக்கிரகம்’ என்னும் சொல்லால் குறிக்கிறது. பொருளைக் கையில் வைத்திருப்பது மட்டுமன்றி, ‘என்னுடையது’ என்று உள்ளம் அதைப் பற்றிக்கொள்வதும் அச்சொல்லில் அடங்கும். புறத்தே பத்து, அகத்தே பதினான்கு என அது பகுக்கப்படுகிறது. புறப் பட்டியலில் நிலம், வீடு, பணம், தானியம், ஏவலர், கால்நடை ஆகியவற்றோடு ‘யானம்’ எனப்படும் வண்டியும் வெளிப்படையாக இடம்பெறுகிறது. அகப் பட்டியலில் பொய்க்காட்சி, சினம், செருக்கு, மாயம், பேராசை முதலியவை வருகின்றன. எனவே ஒரு மோட்டார் சைக்கிள் எவ்வளவு இளைத்தாலும் அது பரிக்கிரகமே என்பதில் சமண முனிவருக்கு ஐயம் எழாது. எழுபது கிலோ வண்டி நூற்றுத்தொண்ணூறு கிலோ வண்டியைவிடத் துறவுக்கு நெருக்கமானது என்று வாதிடுபவர் தராசையும் அறநூலையும் குழப்பிக்கொள்கிறார். இவ்வொப்பீட்டின் எல்லை இது, இதை மறைப்பதில் பயனில்லை. ஒப்பீடு உதவுவது வேறோர் இடத்தில்: அனைத்தையும் துறந்த பின்பும் முனிவர் ஏந்திச் செல்லும் பொருள்களைப் பற்றிய விவாதத்தில்.

திகம்பர முனிவர் உடையையும் துறந்தவர், உணவை நின்றபடி தம் கைகளிலேயே ஏற்று நாளுக்கு ஒருமுறை உண்பவர். அவரிடமும் மூன்று பொருள்கள் உள்ளன. வழியிலும் அமரும் இடத்திலும் உள்ள சிற்றுயிர்களை நோகாமல் விலக்குவதற்கான மயிற்பீலி, கை கால் தூய்மைக்கு நீர் கொள்ளும் கமண்டலம், அறிவுக்கான நூல். இம்மூன்றும் உடைமை எனப்படாமல் ‘உபகரணம்’, அதாவது நோன்புக்குத் துணையாகும் கருவி, என வேறுபடுத்தப்படுகின்றன. கமண்டலத்து நீர் குடிப்பதற்கு உரியதன்று என்பது இங்கே கவனிக்கத்தக்கது: முனிவரின் தாகத்துக்கோ குளிருக்கோ களைப்புக்கோ பயன்படும் பொருள் ஒன்றுகூட அப்பட்டியலில் இல்லை. நூலை அவர் பிறருக்குக் கொடுத்துவிடலாம். ஆனால் பீலியின்றி வழி நடப்பதில்லை. மயில் தானே உதிர்த்த இறகுகளால் கட்டப்படும் அப்பீலிக்கு மரபு ஐந்து குணங்களைக் கூறுகிறது: தூசி பற்றாமை, வியர்வை பற்றாமை, மென்மை, நேர்த்தி, இலேசு. ஐந்தாவது குணம் எடையைப் பற்றியது. அந்த இலேசு சுமப்பவரின் சுகத்துக்காகச் சொல்லப்பட்டது அன்று. பீலி தீண்டும் எறும்பின் மேல் பளு விழாதிருக்கச் சொல்லப்பட்டது.

டிரையல்ஸ் வண்டியின் மின் உறுப்புகளைப் பற்றிய சிந்தனைக்கு இந்த ஒரு நுட்பமே திறவுகோலாகிறது. பாறைத் தடத்தில் தனித்து நிற்கும் வண்டிக்கு விளக்கு பயன்படாது, ஹாரன் பயன்படாது, பிரேக் விளக்கு அறவே பயன்படாது. அவை ஓட்டுபவரின் திறமைக்கு ஒன்றையும் சேர்ப்பதில்லை. சாலையில் இறங்கிய கணத்தில் அவை பொருள் பெறுகின்றன, அதுவும் பெரும்பாலும் பிறருக்காக. முகப்பு விளக்கின் ஒளியில் ஓட்டுபவருக்கும் ஒரு பங்கு உண்டு. பகலில் எரியும் விளக்கின் பயன் எதிரே வருபவருக்கும் சாலையைக் கடப்பவருக்கும் உரியது. ஹாரன் பிறர் காதுக்கு, பின் விளக்கு பின்னால் வருபவர் கண்ணுக்கு. எல்லாவற்றையும் கழித்த பின்பும் கழிக்க முடியாமல் நிற்பது பிறருக்குச் செலுத்த வேண்டிய கடன் என்ற கருத்து, பீலியிலும் பிரேக் விளக்கிலும் ஒன்றாகவே வெளிப்படுகிறது.

ஆயினும் ‘பிறருக்காக’ என்ற காரணம் எளிதில் திரிந்துவிடக் கூடியது, ஏனெனில் எந்தப் பொருளையும் அப்பெயரால் உள்ளே கொண்டுவந்துவிடலாம். குந்தகுந்தர் இதை அறிந்தே, ‘பிரவசனசாரம்’ என்னும் நூலின் ஒழுக்கப் பகுதியில், முனிவர் ஏற்கும் கருவிக்கு மூன்று வரம்புகளை விதித்தார்: அது விலக்கப்பட்டதாக இருக்கக் கூடாது, அடக்கமில்லாத உலகத்தார் விரும்பி நாடும் பொருளாக இருக்கக் கூடாது, ஏந்துபவரின் உள்ளத்தில் மயக்கத்தை எழுப்பக் கூடாது. கவனத்தோடு நடக்கும் முனிவரின் காலடியில் ஓர் உயிர் தற்செயலாக இறந்தால் வினை ஒட்டினாலும் ஒட்டலாம், ஒட்டாமலும் போகலாம், ஆனால் உடைமையால் வினை ஒட்டியே தீரும் என்னும் அளவுக்கு அவர் கடுமையானவர். வெள்ளாடை அணியும் சுவேதாம்பரர், பற்றே உடைமையாதலால் பற்றின்றி உடுத்தும் ஆடை உடைமையாகாது என்று மறுத்தனர். அந்த வழக்கு இன்றளவும் தீரவில்லை.

மூன்று வரம்புகளுள் இரண்டாவது, எடை குறைக்கும் ஆர்வத்தின் மேல் கூர்மையாகப் பாய்கிறது. டைட்டானியம் கன சென்டிமீட்டருக்கு 4.5 கிராம் எடை உடையது, எஃகோ 7.85 கிராம், அதனால் டைட்டானிய போல்ட்டுகளும் கார்பன் இழைத் தகடுகளும் இலேசான வண்டியின் அணிகலன்களாகிவிட்டன. அவை விலை மிகுந்தவை, பார்ப்பவர் கண்ணை உறுத்துபவை, இரவில் பூட்டி வைக்க வேண்டியவை. வண்டி இளைத்திருக்கிறது, ஆனால் உடைமை பெருத்திருக்கிறது. அதே வேலையைப் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் இரண்டு மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை அளந்து வெட்டி, விளிம்பை அரத்தால் ராவி, மடித்துத் துளையிட்டுச் செய்த ஒரு பிராக்கெட் ஏறக்குறையச் சமமான எடையில் செய்துவிடும். அதைத் திருட எவரும் வரமாட்டார்கள். குந்தகுந்தரின் சோதனையில் தேறுவது அலுமினியத் துண்டே. இலேசு விலைக்கு வாங்கப்படும் பெருமையாக மாறும்போது அது இன்னொரு வகைக் கனம் என்பதை விளையாட்டு இதழ்களைவிட அறநூல்கள் தெளிவாகச் சொல்கின்றன.

பொருத்தும் வேலையின் நுட்பங்களுக்குள் நுழைந்தால் மரபின் வேறு சில கருத்துகளும் உயிர் பெறுகின்றன. சாதாரண வண்டியில் எஞ்சினோடு சுழலும் காந்தமும் மேக்னட் காயிலும் மாறுதிசை மின்சாரத்தை உண்டாக்குகின்றன. ரெக்டிபையர் அதை ஒரே திசையில் ஓடச் செய்கிறது, ரெகுலேட்டர் அளவுக்கு மேற்பட்டதைத் தடுக்கிறது, பேட்டரி அதைச் சேமிக்கிறது. 12 வோல்ட், 9 ஆம்பியர்-மணி ஈய அமில பேட்டரி ஒன்று ஏறத்தாழ மூன்று கிலோ நிறுக்கும். அதே பணிக்கான லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதில் மூன்றில் ஒரு பங்கு. உதைத்துக் கிளப்பும் டிரையல்ஸ் வண்டிகளில் பெரும்பாலும் பேட்டரியே இருப்பதில்லை. அதன் இடத்தில், மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய உள்ளங்கையில் அடங்கும் ஒரு மின்தேக்கி மட்டும் பொருத்தப்படுகிறது. 35 வாட் ஹாலோஜன் பல்புக்குப் பதிலாகச் சுமார் பத்து வாட்டில் எரியும் எல்.இ.டி. விளக்கு வந்ததால் இது எளிதாயிற்று. ஆனால் இழை பல்பு எத்திசை மின்னோட்டத்திலும் எரியும், எல்.இ.டி.க்கோ ஒரே திசை வேண்டும். ஆதலால் மேக்னட் காயிலின் ஒரு முனை வண்டியின் சேசிஸோடு எர்த் ஆகியிருந்தால் அதைப் பிரித்தெடுத்து, இரு முனைகளையும் முழு அலை ரெக்டிபையருக்குக் கொண்டுவருவது வழக்கம், அப்போதுதான் அலையின் இரு பாதிகளும் பயன்படும். இலேசான விளக்குக்குப் பருத்த ஒயர் தேவையில்லை என்பதால் செம்பின் எடையும் குறைகிறது. எளிய வேலை போல் தோன்றினாலும், ரெக்டிபையருக்குக் காற்றோட்டம் இல்லாத இடத்தில் அதை மறைத்து வைத்தால் சூடேறிக் கருகிவிடும்.

பேட்டரியற்ற அமைப்பு, ஒருவேளை உணவைக் கையில் ஏற்று உண்டு அடுத்த நாளுக்கு எதையும் வைத்துக்கொள்ளாத முனிவரின் ஒழுக்கத்தை ஒத்தது: உண்டாகும் மின்சாரம் உண்டான கணத்திலேயே செலவாகிறது. அதற்கு ஒரு விலையும் உண்டு. எஞ்சின் நின்றால் விளக்கு அணையும். ரயில்வே கேட்டிலோ சிக்னலிலோ எஞ்சின் அணைந்த வண்டி இருளில் கரைந்துவிடும். சேமிப்பற்ற முனிவரின் பாதுகாப்பு இல்லறத்தாரின் கையில் இருப்பது போல, இந்த வண்டியின் பாதுகாப்பு அக்கணத்தில் பிறர் கவனத்தின் கையில் இருக்கிறது. விழுப்புரம் சந்திப்பைச் சுற்றியுள்ள நெரிசலில் நாள்தோறும் ஓட்டப்படும் வண்டிக்குச் சிறிய லித்தியம் பேட்டரி ஒன்றைச் சேர்ப்பதே சரி. சமணம் இல்லறத்தாருக்கு முனிவரின் முழுத் துறவை விதிக்கவில்லை. உடைமைக்குத் தாமே ஓர் அளவு வகுத்துக்கொண்டு அதைத் தாண்டாதிருக்கும் சிறுநோன்பை விதித்தது. தமிழில் அருங்கலச்செப்பு இவ்வில்லற ஒழுக்கத்தை விளக்கும் நூலாகும். வண்டி வைத்திருப்பவர் இல்லறத்தார், அவருக்கு உரிய நோன்பும் அளவு வகுப்பதே.

பிராக்கெட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனெனில் தத்துவத்தில் அது புறக்கணிக்கப்பட்ட பொருள். அது எரிவதில்லை, ஒலிப்பதில்லை, ஓடுவதில்லை. வேறொன்றைத் தாங்குவது தவிர அதற்கு வேலை இல்லை. அதனால் எடை குறைக்க முனைபவரின் கண் முதலில் அதன் மேல் விழுகிறது, துளையிடும் இயந்திரம் அதன் மேல் இறங்குகிறது. இங்கே உலோகத்தின் இயல்பு ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. எஃகுக்குத் தளர்ச்சி வரம்பு ஒன்று உண்டு, அதாவது அதிர்வின் அழுத்தம் அவ்வரம்புக்குக் கீழே இருந்தால் எத்தனை கோடி முறை அதிர்ந்தாலும் அது விரிசல் விடாது. அலுமினியத்துக்கு அத்தகைய தெளிவான வரம்பு இல்லை; மிகச் சிறிய அதிர்வும் கணக்கில் ஏறிக்கொண்டே போய், என்றோ ஒரு நாள் பிராக்கெட் முறியும். மேலும், தகட்டில் வட்டமான துளை போட்டால் அதன் விளிம்பில் அழுத்தம் சுற்றுப்புறத்தைப் போல மும்மடங்காகும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கிர்ஷ் 1898இலேயே கணக்கிட்டுக் காட்டினார். இடம் தெரியாமல் போட்ட துளை பத்து கிராமைக் குறைத்து, விளக்கையே சாலையில் விழச் செய்யும். ஆகவே நல்ல மெக்கானிக் மடிப்புக் கோட்டிலும் போல்ட்டின் அருகிலும் துளையிடுவதில்லை, கூர்மையான மூலையை விடுவதில்லை, தகட்டுக்கும் விளக்குக்கும் இடையே ரப்பர் புஷ் வைத்து அதிர்வைத் தணிக்கிறார்.

தவம் பற்றிச் சமணம் கூறும் ஒரு நிபந்தனை இங்கே பொருந்துகிறது. தீர்த்தங்கரராகப் பிறப்பதற்குக் காரணமாகும் பதினாறு பாவனைகளுள் ஆற்றலுக்கேற்ற துறவும் ஆற்றலுக்கேற்ற தவமும் எண்ணப்படுகின்றன. ‘ஆற்றலுக்கேற்ற’ என்ற அடைமொழி இரண்டுக்கும் சேர்க்கப்பட்டிருப்பது தற்செயலன்று. திருநாதர்குன்றின் 57 நாள் நோன்பைப் பதிவு செய்த அதே மரபுதான் தாங்கும் வலிமையைக் கடந்த கழிப்பை ஏற்கவில்லை. முறியும் அளவுக்கு மெலிந்த பிராக்கெட் துறவு அன்று, கணக்குப் பிழை.

பளு எவ்வளவு என்பதோடு அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். வண்டியைத் திருப்பவோ துள்ளவோ செய்யும்போது ஒவ்வொரு பொருளும் காட்டும் எதிர்ப்பு, சுழலும் மையத்திலிருந்து அதன் தொலைவின் இருபடிக்கு ஏற்பப் பெருகுகிறது. மட்கார்டு நுனியில் தொங்கும் 300 கிராம் பின் விளக்கின் பளுவை ஓட்டுபவர் நன்கு உணர்வார், எஞ்சினருகே வைத்த 300 கிராம் ரெகுலேட்டரை உணரவே மாட்டார். எனவே சேர்க்கும் பொருள்களை நடுவிலும் தாழ்விலும் வைப்பதும், நுனியில் இருந்தே தீர வேண்டிய விளக்குகளை மட்டும் மிக இலேசானவையாகத் தேர்வதும் பொறியியல் விவேகம்.

இதுவரை விளக்கு ஐயமற்ற நன்மை என்பது போலப் பேசப்பட்டது. சமண நோக்கில் அது அப்படியன்று. நெருப்பையே உடலாகக் கொண்ட ஓரறிவு உயிர்கள் உண்டு என்பதும், விளக்கேற்றுவதும் அணைப்பதும் அவற்றுக்கு ஊறு என்பதும் பழைய கொள்கை. மின்சாரம் கண்டுபிடிக்கப்பட்ட பின்பு அதுவும் உயிருள்ள தீயா அன்றி உயிரற்ற ஆற்றலா என்ற வழக்கு, ஒலிபெருக்கியைத் துறவியர் பயன்படுத்தலாமா என்ற நடைமுறைக் கேள்வியாகச் சுவேதாம்பரப் பிரிவுகளிடையே இருபதாம் நூற்றாண்டில் நடந்தது. அது ஒருபுறமிருக்க, ஐப்பசி மழைக்குப் பின் செஞ்சிச் சாலையில் இரவில் ஓட்டிய எவரும் முகப்பு விளக்கில் மோதி மடியும் ஈசல்களைக் கண்டிருப்பார்கள். இரவு உணவைச் சமண இல்லறத்தார் தவிர்ப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களுள் விளக்கை நாடி வரும் பூச்சிகளின் சாவும் ஒன்று. மனிதரைக் காக்கும் விளக்கு பூச்சியைக் கொல்கிறது என்னும் இந்த முடிச்சை எந்த உறுப்பும் அவிழ்க்காது. பகலில் மட்டும் ஓட்டுவதே அதற்கு அருகிலான விடை, இரவில் நடைப்பயணம் செய்யாத முனிவரின் விடையும் அதுவே.

மரபு தானே இத்தகைய சமரசங்களுக்கு ஓர் இடத்தை வகுத்திருக்கிறது. மேல்சித்தாமூர் மடத்தின் தலைவர், லட்சுமிசேனர் என்னும் பட்டப்பெயர் தாங்கும் பட்டாரகர், முழுத் துறவு பூண்ட முனிவர் அல்லர். அவர் காவியுடை அணிகிறார், பீலி ஏந்துகிறார், மடத்தின் நிலபுலன்களை மேற்பார்க்கிறார், வாகனத்தில் பயணம் செய்கிறார். முனிவர்கள் அரிதாகிப்போன இடைக்காலத்தில் கோயில்களையும் சுவடிகளையும் இல்லறத்தாரின் சடங்குகளையும் காக்க இப்பதவி வளர்ந்தது. தூய துறவின் அளவுகோலால் அது குறைபாடு என்று வடநாட்டுச் சீர்திருத்தக்காரர் பலர் தாக்கினர். ஆனால் ஒரு சமூகம் மற்றவர்களோடு ஒரே சாலையில் வாழ்வதற்குச் சிலர் விளக்கும் ஹாரனும் பொருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. பட்டாரகர் இல்லாதிருந்தால் தமிழ்ச் சமணம் இந்த மாவட்டத்தில் கல்வெட்டாக மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும்.

வினையைச் சமணம் உருவகமாக அன்றிப் பொருளாகவே, உயிரில் ஒட்டும் நுண்துகளாகவே கருதியது. மண் பூசப்பட்ட சுரைக்காய் நீரில் அமிழ்வதையும், மண் கரைந்ததும் மேலெழுவதையும் அது எடுத்துக்காட்டியது. அப்படியானால் விடுதலை பெற்ற உயிர் இலேசானதாக இருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நூல்கள் அவ்வாறு கூறவில்லை. விடுதலை பெற்ற அவ்வுயிராகிய சித்தரின் எட்டுக் குணங்களுள் ஒன்று ‘அகுருலகுத்துவம்’, அதாவது கனமும் இன்மை, இலேசும் இன்மை. கனத்தோடு சேர்ந்து இலேசும் கழிந்துவிடுகிறது என்ற இக்கருத்து, இலேசையே இலக்காகக் கொண்டவர்களுக்குச் சற்றுச் சங்கடமானது: எடை குறைப்பு ஒரு வழி, அது சென்று சேரும் ஊர் அன்று.

பொன்னூருக்கும் மேல்சித்தாமூருக்கும் நடந்து வரும் திகம்பர முனிவர்களின் நடைக்கு ‘ஈரியா சமிதி’ என்ற விதி உண்டு. நுகத்தடி அளவு, அதாவது சுமார் நான்கு முழத் தூரம், முன்னே தரையைப் பார்த்தே அவர்கள் அடி வைக்கிறார்கள். வண்டியின் விளக்குக்கோ சட்டம் 155 மீட்டரை விதிக்கிறது. எறும்புக்காக நான்கு முழம் பார்க்கும் கண் எதிரே வரும் லாரியைப் பார்ப்பதில்லை. விளக்கோ ஒளி திருப்பும் பட்டையோ அவர்களிடம் இல்லை, இருக்கவும் முடியாது. நடைப்பயணத்தில் இருக்கும் சமணத் துறவியர் வாகனம் மோதி இறப்பது இந்திய நெடுஞ்சாலைகளில் திரும்பத் திரும்ப நிகழ்ந்துவருகிறது. எதையும் ஏந்தாதவரின் பாதுகாப்பு, ஏந்துபவரின் விளக்கில் இருக்கிறது. எனவே, பாறையில் ஏறுவதற்காக விளக்கையும் ஒயரிங்கையும் கழற்றி வைத்திருப்பவர்கள், தார்ச்சாலையில் சக்கரத்தை வைக்கும் முன் அவற்றை மீண்டும் மாட்டிக்கொள்ள வேண்டும். பிராக்கெட்டின் மடிப்பில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். வேறொருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் பிரேக் விளக்கு எரிகிறதா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனெனில் அந்த ஒரு விளக்கை வண்டியில் அமர்ந்திருப்பவரால் பார்க்க முடியாது.